மாமூல் என்கிற சொல்லைக் கைவிடுவோம்

(விழுப்புரத்தில் இயக்கத் தோழர்களும் மாணவர்களும் கலந்துகொண்ட சட்டக் கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்குப் பின்னால் வழக்கறிஞர்கள் பேச இருக்கிறார்கள். நான் வழக்கறிஞன் இல்லை. வங்கியில் எழுத்தர் வேலை. பகலில் அடுத்தவர் பணத்தை எண்ணுகிறவன், ராத்திரியில் கவிதை எழுதுகிறவன். 'போலீஸ் பணம் பறிப்பதும் சட்டத்தின் பொறுப்பும்' என்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொன்னபோது, இதில் நமக்கென்ன தெரியும் என்று முதலில் தயங்கினேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், தெரியும். எனக்கு மட்டுமல்ல, இந்த அரங்கத்தில் இருக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்ததற்கு ஒரு பெயர் வைக்காமல் இருக்கிறோம். இன்னும் சரியாகச் சொன்னால், தப்பான பெயர் வைத்திருக்கிறோம்.

என் சித்தப்பா வீட்டில் நடந்ததைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். பெயர்களும் ஊரும் வேண்டாம். சித்தப்பா மகனுக்கு அப்போது பத்தொன்பது வயசு, ஐ.டி.ஐ. படித்துக்கொண்டிருந்தான். ஊர்க்காரர் ஒருவருடைய கிணற்று மோட்டாரில் செம்புக் கம்பி காணாமல் போனது. சாயங்காலம் ஜீப் வந்தது. வந்தது ஊருக்கு அல்ல, நேராக சேரிக்கு. தம்பியை ஏற்றிக்கொண்டு போனார்கள். ரெண்டு ராத்திரி வைத்திருந்தார்கள். கைதுக் குறிப்பாணை கிடையாது, முதல் தகவல் அறிக்கை கிடையாது. கேட்கப் போன சித்தப்பாவிடம் ஏட்டு கேட்ட முதல் கேள்வி, "எந்த ஊரு?" ரெண்டாவது கேள்வி, "ஊரா, காலனியா?" மூன்றாவது கேள்வியிலேயே பேரம் தொடங்கிவிட்டது. இருபத்தைந்தாயிரம் கேட்டு பதினைந்தாயிரத்தில் முடிந்தது. கொடுக்காவிட்டால் மாவட்டத்தில் கண்டுபிடிக்காமல் கிடக்கிற கம்பித் திருட்டு மொத்தமும் அவன் தலையில் ஏறும் என்றார்கள்.

மறுநாள் காலையில் சித்தி என் வங்கிக்கு வந்தார். என் கவுண்டருக்கு. கையில் ஒரு பவுன் சங்கிலி. மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தார். நான் படிவத்தை நிரப்பினேன். கடனின் நோக்கம் என்று ஒரு கட்டம் உண்டு. "என்னா சித்தி, எதுக்கு?" என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார். கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன்? "பையன் படிக்கிறான் சித்தி, கேஸு கீஸு ஆயிட்டா வேலைக்குப் போக முடியாது. குடுத்துட்டுக் கூட்டிட்டு வந்துடுங்க" என்றேன். கட்டத்தில் 'குடும்பச் செலவு' என்று எழுதினேன். தம்பி அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். ஒரு மாசம் வலது கையைத் தூக்க முடியவில்லை.

தோழர்களே, அந்தப் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு இன்றைக்கு எங்கே ஆதாரம் இருக்கிறது? ஸ்டேஷனில் கிடையாது. நீதிமன்றத்தில் கிடையாது. என் வங்கியின் நகைக்கடன் பேரேட்டில் இருக்கிறது, குடும்பச் செலவு என்கிற பெயரில். எழுதியவன் நான். பட்டதாரி, கவிஞன், அம்பேத்கர் படித்தவன். ஆகவே மேடையில் நின்று போலீசை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு யோக்கியதை இல்லை. அன்றைக்கு நான் எழுதிய அந்தச் சொல்லைத் திருத்தத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

மாமூல் என்கிறோம். அரபியிலிருந்து உருது வழியாக நம் பேச்சுக்கு வந்த சொல். வழக்கமானது என்பது அதன் பொருள். மழை பெய்கிற மாதிரி, வெயில் அடிக்கிற மாதிரி, போலீசுக்குப் பணம் கொடுப்பதும் வழக்கம் என்றாகிவிட்டது. கொஞ்சம் படித்தவர்கள் லஞ்சம் என்கிறோம். லஞ்சம் என்றால் என்ன? எனக்கு ஒரு சலுகை வேண்டும், அதற்காக நான் கொடுக்கிறேன், அவன் வாங்குகிறான். ரெண்டு கையும் சேர்ந்து தட்டுகிற சத்தம் அது. என் சித்தி என்ன சலுகை கேட்டார்? பெற்ற பிள்ளையை அடிக்காதே என்று கேட்டார். அது சலுகையா? அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவு, கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தச் சொல்கிறது. நமக்கு ஏற்கெனவே உரிமையாக இருப்பதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு நமக்கே விலைக்கு விற்றால் அதற்குப் பெயர் லஞ்சம் இல்லை. பறிப்பு.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. சட்டத்தில் இந்த ரெண்டு சொல்லும் ரெண்டு தனிப் பாதை. லஞ்சம் என்று போனால் அது ஊழல் தடுப்புச் சட்டம், 1988. அந்தச் சட்டத்தில் 2018இல் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவராக இருந்தால், ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம். பிள்ளைக்குக் கட்டுப் போடவே ஏழு நாள் ஆகிற வீட்டில், எட்டாவது நாள் தாய்க்காரியும் குற்றவாளிக் கூண்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பறிப்பு என்று போனால் அது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 383, 384. 2024 ஜூலை 1ஆம் தேதியிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 308. தீங்கு நேரும் என்று பயமுறுத்தி ஒருவரிடமிருந்து சொத்தை வாங்குவது. பழைய சட்டத்தில் மூன்றாண்டு வரை இருந்த தண்டனை புதியதில் ஏழாண்டு வரை. பத்தாண்டோ ஆயுளோ தண்டனை கிடைக்கக்கூடிய குற்றத்தைச் சுமத்துவேன் என்று மிரட்டிப் பறித்தால் பத்தாண்டு வரை. பணம் பறிப்பதற்காகச் சட்டவிரோதமாக அடைத்து வைப்பது தனிக் குற்றம், 127ஆவது பிரிவில். இதில் பணம் கொடுத்தவர் குற்றத்தில் பங்காளி இல்லை. பாதிக்கப்பட்டவர்.

இன்னொரு வித்தியாசம். 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் புகாரிலேயே வெளிப்பட்டால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்றது. சில வகை வழக்குகளுக்கு மட்டும் முன் விசாரணை நடத்தலாம் என்று விலக்குக் கொடுத்தது. அந்த வகைகளில் ஒன்று ஊழல். ஆக 'லஞ்சம் வாங்கினார்' என்று நாம் எழுதிக் கொடுத்தால், விசாரிக்கிறோம் விசாரிக்கிறோம் என்று இழுத்தடிக்க அவர்களுக்கு வழி இருக்கிறது. 'என் மகனை அடைத்து வைத்து, அடித்து, பொய் வழக்குப் போடுவதாக மிரட்டி, இன்ன தேதியில் இவ்வளவு ரூபாய் பறித்தார்' என்று எழுதினால் அந்த வழி குறுகிப்போகும். மனுவில் நாம் போடுகிற ஒரு சொல்லில் இவ்வளவு இருக்கிறது.

லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறதே என்று கேட்கலாம். 1964இலிருந்து இருக்கிறது. நோட்டில் பினாப்தலீன் பொடி தடவிக் கொடுப்பார்கள். வாங்கியவர் கையை சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் இளஞ்சிவப்பாக மாறும். செய்தித்தாளில் நாம் பார்க்கிற 'கையும் களவுமாக' இதுதான். பட்டா மாற்ற மூன்று மாதமாக அலையவிடுகிற அதிகாரிக்கு இது சரிவரும். நாள் இருக்கிறது, திட்டம் போடலாம். ஆனால் ஸ்டேஷனுக்குள்ளே பிள்ளை அலறுகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்கும்போது, எந்தத் தாய் மாவட்டத் தலைநகருக்கு பஸ் ஏறிப் போய்ப் பொடி தடவிய நோட்டோடு திரும்பி வருவாள்? பொறி வைப்பதற்கு அவகாசம் வேண்டும். அவகாசமே கொடுக்காததுதான் பறிப்பின் முறை. அதனால்தான் சேரிக்காரனிடம் ஸ்டேஷனில் வாங்குகிற பணம் பெரும்பாலும் பொறியில் அகப்படுவதில்லை.

சரி, புகார் கொடுத்தால் என்ன நடக்கிறது? நாங்கள் கொடுத்தோம். தம்பி வீட்டுக்கு வந்து இருபது நாள் கழித்து, சித்தப்பாவும் நானும் எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்தோம். டி.எஸ்.பி. விசாரணை. சித்தியை மூன்று தடவை கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போச்சு. "பணத்தை யார் கையில் கொடுத்தீங்க, கொடுத்ததைப் பார்த்தது யாரு?" பார்த்தவர்கள் எல்லாம் காக்கிச் சட்டை. நாலு மாசம் கழித்து ஒரு காவலரை ஆயுதப்படைக்கு மாற்றியதாகத் தகவல் வந்தது. பணம் வாங்கிய கை அவருடையது. வாங்கச் சொன்ன வாய் வேறு. அந்த வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. மாற்றப்பட்ட காவலரும் நம் ஆள்தான் என்று பிற்பாடு தெரிந்தது. சேரியில் வசூல் பண்ணச் சேரிக்காரனை அனுப்புவது, மாட்டிக்கொண்டால் அவனையே பலி கொடுப்பது. இதையும் நாம் பேச வேண்டும். சீருடைக்குள்ளேயும் சாதி இருக்கிறது.

போலீஸ்காரர்களை ஒழுங்கு செய்யத் தமிழ்நாட்டில் 1955ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. காவல் சார்நிலைப் பணி ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள். ஸ்டேஷன் பாஷையில் '3ஏ', '3பி' என்பார்கள். 3ஏ என்றால் சின்னத் தண்டனைக்கான வழி. எழுத்தில் விளக்கம் கேட்டு, கண்டனம் மாதிரி ஏதாவது ஒன்றோடு முடியும். 3பி என்றால் குற்றச்சாட்டு வரைந்து, சாட்சிகளை வைத்து வாய்மொழி விசாரணை. பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம் வரை போகலாம். ஆக, தண்டிக்க விதி இல்லை என்று சொல்ல முடியாது. பணம் பறித்தவர் மேல் எதன்படி நடவடிக்கை எடுப்பது என்பதை மேலதிகாரி தீர்மானிக்கிறார். ரெண்டும் இல்லாமல் வெறும் இடமாற்றத்தோடு விட்டுவிடலாம் என்பதையும் அவரே தீர்மானிக்கிறார். இடமாற்றம் அந்த விதிகளின் கணக்கில் தண்டனையே இல்லை, நிர்வாக ஏற்பாடு. இந்த ஸ்டேஷனில் பறித்தவர் அந்த ஸ்டேஷனில் பறிப்பார். அங்கேயும் ஒரு காலனி இருக்கும்.

இங்கே என் தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது என் கல்லாவில் நூறு ரூபாய் குறைந்தால் நான் கைக்காசு போட்டு நேர் செய்த பிறகுதான் வீட்டுக்குப் போக முடியும். வாடிக்கையாளர் பணத்தில் நான் ஐநூறு ரூபாய் எடுத்ததாகத் தெரிந்தால் என்னை வேறு கிளைக்கு மாற்றிவிட்டு விட்டுவிட மாட்டார்கள். வேலையே போய்விடும். நான் மட்டும் இல்லை. 2006இல் வடகிழக்குக் கர்நாடகச் சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் நடத்துநர் ஒருவருடைய வழக்கு உச்சநீதிமன்றத்துக்குப் போனது. கையாடியதாகச் சொல்லப்பட்ட தொகை 360 ரூபாய் 95 காசு. பணிநீக்கம் சரிதான் என்று தீர்ப்பு வந்தது. தொகை சின்னதா பெரிசா என்பது கேள்வி இல்லை, நம்பிக்கை போய்விட்டது என்பதுதான் காரணம் என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. நல்லது, ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது ஒன்றுதான். பஸ் நடத்துநருக்கு 360 ரூபாயில் போகிற நம்பிக்கை, லத்தியும் துப்பாக்கியும் லாக்கப் சாவியும் கையில் வைத்திருப்பவருக்குப் பதினைந்தாயிரத்தில் ஏன் போவதில்லை? நடத்துநர் யாரையும் அடைத்து வைத்து வாங்கவில்லையே!

அதற்காக விசாரணையே இல்லாமல் வீட்டுக்கு அனுப்பு என்று நான் கேட்கவில்லை. விசாரித்து, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்துத்தான் அரசு ஊழியரை நீக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 311ஆவது பிரிவு. அந்தப் பாதுகாப்பு நமக்கும் வேண்டும். மேலே இருப்பவர்களைக் காப்பாற்ற பலி கொடுக்கப்படுகிற அந்த ரெண்டாம் நிலைக் காவலருக்கும் வேண்டும். யார் விசாரிப்பது என்பதுதான் பிரச்சினை.

வங்கியில் பணப் பெட்டகத்துக்கு ரெண்டு சாவி. ஒன்று மேலாளரிடம், மற்றது காசாளரிடம். ஒருத்தர் மட்டும் போய்த் திறக்க முடியாது. 'ஜாயின்ட் கஸ்டடி' என்போம். யாரையும் திருடன் என்று நினைத்து வைத்த ஏற்பாடு இல்லை இது. நல்லவனாக இருந்தாலும் தனியாகத் திறக்கக் கூடாது என்பது விதி. ஸ்டேஷன் லாக்கப்புக்கு ஒரே சாவி. அதைப் பற்றிய புகாரை விசாரிக்கிற மேஜைக்கும் அதே இலாகாவின் சாவி.

இது இன்று நேற்றுக் கதை இல்லை. 1854இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் சென்னை மாகாணத்துச் சித்திரவதைகள் பற்றிப் பேச்சு எழுந்து, ஒரு விசாரணைக் குழு போடப்பட்டது. 1855இல் அறிக்கை வந்தது. நிலவரி பிடுங்குவதற்காகவும் லஞ்சம் பிடுங்குவதற்காகவும் குடியானவனை எப்படியெல்லாம் வதைத்தார்கள் என்று அதில் இருக்கிறது. விரல்களை நசுக்குகிற கிட்டி, உடம்பை வளைத்துக் கட்டி வெயிலில் போடுகிற அண்ணாந்தாள். நம் தமிழ்ச் சொற்கள் ஆங்கில அறிக்கையில் ஏறியது இப்படித்தான். இந்த அறிக்கையை வைத்து 1857 செப்டம்பரில் நியூயார்க் டெய்லி டிரிப்யூனில் கார்ல் மார்க்ஸ் ஒரு கட்டுரையே எழுதினார். குழு கண்ட முக்கியமான கோளாறு என்ன தெரியுமா? வரி வசூலிக்கிற அதிகாரமும் போலீஸ் அதிகாரமும் ஒரே ஆளிடம் இருந்தது. வதைத்தவனைப் பற்றிய புகாரை வதைத்தவனின் மேலதிகாரியிடமே சொல்ல வேண்டியிருந்தது. அதற்கப்புறம் வந்ததுதான் 1859ஆம் ஆண்டின் சென்னை மாவட்டப் போலீஸ் சட்டம். தமிழ்நாட்டுப் போலீஸ் பிறந்ததே பணம் பறிப்பைப் பற்றிய ஒரு விசாரணை அறிக்கைக்குப் பின்னால்தான்.

இப்போது 2006க்கு வருவோம். செப்டம்பர் 22, பிரகாஷ் சிங் வழக்கின் தீர்ப்பு. உச்சநீதிமன்றம் ஏழு கட்டளைகள் போட்டது. அதில் ஒன்று, மாநிலத்திலும் ஒவ்வொரு மாவட்டத்திலும் போலீஸ் மீதான புகார்களுக்குத் தனி ஆணையம். மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவர். அது எதையெல்லாம் விசாரிக்கலாம் என்கிற பட்டியலில் பணம் பறிப்பு என்று பெயர் சொல்லியே போட்டிருக்கிறது. நில அபகரிப்பு, வீட்டு அபகரிப்பும் உண்டு. ஆணையத்தின் பரிந்துரை துறையைக் கட்டுப்படுத்தும் என்றும் சொன்னது. ரெண்டாவது சாவியை போலீசுக்கு வெளியே இருக்கிற ஒருத்தர் கையில் கொடு என்பதுதான் அந்தக் கட்டளையின் சாரம்.

தமிழ்நாடு என்ன செய்தது? 2013இல் காவல் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், டி.ஜி.பி. உறுப்பினர். மாவட்ட ஆணையத்துக்கு மாவட்ட ஆட்சியர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். ஓய்வுபெற்ற நீதிபதி எங்கே போனார்? காணோம். கலெக்டரும் போலீசும் ஒரே மேஜையில் உட்கார்ந்து புகாரைக் கேட்பதுதான் கோளாறு என்று 1855இல் வெள்ளைக்காரன் போட்ட குழு சொன்னது. 158 வருஷம் கழித்து, அந்த மேஜைக்கே புகார் ஆணையம் என்று பெயர் வைத்தோம். ரெண்டு சாவியும் ஒரே பையில். கட்சிகள் மாறி மாறி ஆண்டாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் பெரிய சண்டை எதுவும் நடந்ததாக நான் பார்க்கவில்லை.

2024இல் வந்த புதிய நடைமுறைச் சட்டத்திலும் ரெண்டு முகம் இருக்கிறது. அரசு ஊழியர் மேல் வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி தேவைப்படுகிற இடத்தில், 120 நாளுக்குள் அரசு முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது 218ஆவது பிரிவு. இது முன்னேற்றம். அதே சட்டத்தின் 175ஆவது பிரிவு வேறு ஒன்று சொல்கிறது. அலுவல் பணியின்போது நடந்ததாக அரசு ஊழியர் மேல் புகார் வந்தால், மாஜிஸ்திரேட் விசாரணைக்கு உத்தரவிடும் முன்னால் அவருடைய மேலதிகாரியிடம் அறிக்கை வாங்க வேண்டும், அந்த ஊழியர் சொல்வதையும் பார்க்க வேண்டும் என்கிறது. ஒரு கதவைத் திறந்து இன்னொரு கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள். இங்கேயும் நாம் சொல்ல வேண்டியது அதே விஷயம்தான். பணம் பறிப்பது எந்த அதிகாரியின் அலுவல் பணியிலும் சேராது. அதைக் கடமைக்குள் கொண்டுபோய் ஒளித்து வைக்க விடக்கூடாது.

வழக்குப் போட்டால் நீதி எப்போது வரும் என்று கேட்பீர்கள். வாச்சாத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூனில் வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து அந்த மலையடிவாரக் கிராமத்தைச் சூறையாடினார்கள். பதினெட்டுப் பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். 2011 செப்டம்பர் 29இல், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அப்போது உயிரோடிருந்த 215 பேரையும் தர்மபுரி நீதிமன்றம் தண்டித்தது. 2023இல் அதே செப்டம்பர் 29இல் உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. முப்பத்தியோரு வருஷம். தாமதம் என்று சொல்வதில் தப்பில்லை. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத பழங்குடிப் பெண்கள் முப்பத்தியோரு வருஷம் ஒரே வாக்குமூலத்தில் நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பட்டதாரியான நான் இருபது நாள் யோசித்துவிட்டுத்தான் மனு எழுதினேன்.

ஆகவே மாணவ நண்பர்களே, உங்களிடம் கேட்கிறேன். முழக்கம் எழுதுவதற்கு முன்னால் மனு எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகாதீர்கள், ரெண்டு பேராகப் போங்கள். போன நேரம், வந்த நேரம், பேசியவரின் சட்டையில் இருக்கிற பெயர்ப் பட்டை, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கைது என்றால் கைதுக் குறிப்பாணை கேளுங்கள், 1996இன் டி.கே. பாசு தீர்ப்பிலிருந்து அது நம் உரிமை. புகார் என்றால் சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். வண்டியையோ செல்போனையோ எடுத்து வைத்துக்கொண்டால், எந்த வழக்கில், நீதிமன்றத்துக்குத் தகவல் போனதா என்று கேளுங்கள். ஸ்டேஷன்களில் கேமரா வைக்க வேண்டும் என்றும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்றும் 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. அந்த ரெண்டு ராத்திரியின் பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி மறுவாரமே பதிவுத் தபாலில் எழுதுங்கள். ஸ்டேஷன் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில், அங்கேயும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போவதென்றால் ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். பொய் வழக்குப் போடுவது, போட்டவர் நம் சாதிகளுக்கு வெளியே உள்ளவர் என்றால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலேயே குற்றம் என்பதை மனுவில் மறக்காமல் சேருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் எங்கிருந்து வந்தது என்பதை எழுதுங்கள். அடகுச் சீட்டு, நகைக்கடன் ரசீது, வட்டிக்கு வாங்கிய தேதி. ஏழையிடம் பறித்த பணத்துக்கு எப்போதும் ஒரு தடயம் உண்டு. ஏனென்றால் அது அவன் கையில் ஏற்கெனவே இருந்த பணம் இல்லை.

இதைத் தனியாள் செய்தால் பயம். இயக்கம் செய்தால் ஆவணம். ஒரு ஒன்றியத்தில் ஒரு வருஷத்தில் நாற்பது ரசீது சேர்ந்தால் அதைக் கொண்டு உயர்நீதிமன்றத்துக்கே போகலாம். புகார் ஆணையத்தில் நீதிபதியை உட்கார வை, கலெக்டரையும் எஸ்.பி.யையும் எழுப்பு என்று கேட்கலாம். பறித்த பணத்தை அரசுக் கஜானாவிலிருந்து கொடுக்காதே, பறித்தவர் சம்பளத்திலிருந்து பிடித்து, பறிகொடுத்தவர் கையில் கொடு என்று கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. வாசலில் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருக்கிறோம். பக்கத்தில் வெள்ளைத் தாள் இருக்கிறது. உங்கள் வீட்டில் போலீஸ் கடைசியாகப் பறித்த தொகை, மாதம், வருஷம், எந்த ஸ்டேஷன், எதை விற்று அல்லது அடகு வைத்துக் கொடுத்தீர்கள், இவ்வளவு மட்டும் எழுதிப் போட்டுவிட்டுப் போங்கள். பெயர் வேண்டாம். மாமூல் என்று எழுதாதீர்கள். லஞ்சம் என்றும் எழுதாதீர்கள்.

முதல் தாளை நானே எழுதிப் போட்டிருக்கிறேன். பதினைந்தாயிரம் ரூபாய், ஒரு பவுன் சங்கிலி. நோக்கம் என்கிற இடத்தில், அன்றைக்கு எழுதாமல் விட்ட சொல்லை எழுதியிருக்கிறேன். பறிப்பு.